ஊர்வலம் முடியட்டும்

பூக்கம்பளத்து லாசருவின் நெற்றிக்கென்று வைத்த வெள்ளை இதழ் ஒன்று தானாகத் துள்ளி, ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது.

கொராதோ அதை எடுத்து மறுபடி அதன் இடத்தில் வைத்தான். காற்று இல்லை. காலை ஆறு மணி வெயில் வளைவுச் சந்தின் மேல்மாடிச் சன்னல்களை மட்டும்தான் எட்டியிருந்தது. சந்துக்கு மேலே இழுத்துக் கட்டிய துணிப்பந்தல் ஒரு சுருக்கம்கூட அசையாமல் தொங்கியது. அதன் அடியில் நசுங்கிய சோம்புத் தழை, ஈரக் காப்பிச் சக்கை, நேற்று மதியத்திலிருந்து முட்டி போட்டுப் பூப் பரப்பிய முப்பது பேரின் வியர்வை எல்லாம் ஒன்றாகக் கலந்து, மூக்கில் ஏறி உட்கார்ந்திருந்தது. அந்த வாடை அவனுக்குப் பிடிக்கும். வருஷத்தில் ஒரு நாள், கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவுக்கு மட்டும் வரும் வாடை.

இதழ் மறுபடியும் துள்ளியது.

"அட, என்னடா இது" என்று முனகியபடி தெளிப்பானை எடுத்து நீர் தெளித்தான். ஈரப்பட்டால் அடங்கிக் கிடக்கும். அவன் இருந்தது நடு வட்டத்தின் மேல். இரண்டு பக்கமும் கல் வைத்து, குறுக்கே போட்ட பலகையில் முட்டி போட்டிருந்தான். ரொக்காஸ்பீனா ஊரில் ஒவ்வொரு சந்துக்கும் ஒரு பூக்கம்பளம். ஒவ்வொரு கம்பளத்துக்கும் ஒரு நடு வட்டம். அந்த வட்டத்தைச் சந்துத் தலைவன் ஒருவன்தான் பரப்ப வேண்டும், வேறு கை படக்கூடாது. வட்டம் முடிந்துவிட்டால், பதினோரு மணிக்குப் பங்குத்தந்தை நற்கருணையை ஏந்தி முதல் அடி வைக்கும்வரை, எந்தக் காலும் கம்பளத்தின் மேல் படக்கூடாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கீழ்த்தெருக் கம்பளத்தில் ஒரு நாய் ஓடியது. அந்தத் தெருக்காரர்களை ஊர் இன்னும் நாய்த்தெருக்காரர்கள் என்றுதான் கூப்பிடுகிறது.

"என்ன கொராதோ, லாசருவுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுறியா?" என்று சுவரோரமாக உட்கார்ந்திருந்த ஜில்தோ கேட்டான். லாரி ஓட்டுகிறவன். கையில் ஒயின் கிளாஸ் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. "எந்திரிச்சிடப் போறாரு, பாத்து."

"நீ உன் வேலையைப் பாருடா. சோம்புத் தழை அந்தப் பக்கம் வெளுத்துப் போய்க் கிடக்கு."

"தலைவர் உத்தரவு!" என்று ஜில்தோ எழுந்து சலாம் போட்டான். அஸ்ஸூந்தா சிரிக்கவில்லை. அவள் கம்பள விளிம்பில் குத்துக்காலிட்டு, கல்லறை வாசலுக்கான காப்பிச் சக்கையைச் சல்லடையில் சலித்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷத்துப் படம் அவள் கொண்டுவந்து கொடுத்தது. செத்து அடக்கமான பிறகு, இயேசு கூப்பிட, கல்லறையிலிருந்து எழுந்து வரும் லாசரு. அவள் புருஷன் தூலியோ வரைந்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனது.

"வரையத் தெரிஞ்ச கை. என்ன பிரயோஜனம்? வீட்டுல ஒரு வார்த்தை சொல்லாம ஓடிப்போன கால்" என்றாள் அவள். "தெர்னி டவுன்ல தலைமுடி வெட்டுறவளோடயாம். நல்லா இருக்கட்டும். என்னைக்காவது என் கண்ணுல படட்டும், அன்னைக்கு இருக்கு அவனுக்கு."

கொராதோ தலை தூக்கவில்லை. தெர்னிக்காரியைப் பற்றி முதலில் சொன்னது அவன்தான். போன வருஷம் விழா முடிந்த மறுநாள், ஊர் முழுக்கத் தூலியோவைத் தேடியபோது, காலை பஸ்ஸில் அவன் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னதும் அவன்தான். பெட்டி இருந்ததா என்று அஸ்ஸூந்தா கேட்டாள். இருந்தது, பழுப்பு நிறம் என்றான். பொய்யை இவ்வளவு சுத்தமாகச் சொல்ல வரும் என்று அதுவரை அவனுக்கே தெரியாது.

"பாப்பிப் பூ எங்கே? வெயில் ஏறினா கையில வச்சதுமே கருகிடும்" என்று பேச்சை மாற்றினான்.

"அங்கதான் இருக்கே" என்று ஜில்தோ கை காட்டினான்.

நிலவறைப் படியில் பெட்டி இருந்தது. ஈரத்துணி போர்த்தி, விளிம்புவரை சிவப்பு இதழ்கள். அஞ்சரை மணிக்கு அதை எடுத்துவர அவன்தான் மகள் மிலேனாவை அனுப்பியிருந்தான். பாப்பி சீக்கிரம் வாடிவிடும், கடைசி நிமிடம்வரை நிலவறைக் குளிர்ச்சியில்தான் இருக்க வேண்டும்.

"மிலேனா எங்கே போனா?"

"நான் பாக்கல. குளிக்கப் போயிருப்பா. ஊர்வலத்துல மெழுகுவத்தி பிடிக்கணும்ல, அழகா வர வேண்டாமா?"

சரிதான் என்று நினைத்துக்கொண்டான். மிலேனா. அவளை நினைத்தாலே நெஞ்சில் ஒரு சூடு பரவும். ஆறு வருஷமாய்ப் பெண்டாட்டி இல்லாத வீட்டில் நின்றபடியே தின்றுவிட்டுப் படுக்கிறவன் அவன். நேற்று இரவு மிலேனா சூப்பை ஊற்றிக்கொண்டே, பொலோஞ்ஞா வேலையை விட்டாச்சுப்பா, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில கிடைச்சிருச்சு, செப்டம்பர்ல கல்யாணம் முடிஞ்சதும் மாடியிலயே இருந்துக்கறோம் என்று சொன்னாள். உப்பு எடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தான். இந்த ஒரு பெண்ணுக்காக அவன் எதையும் செய்வான். இந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் அந்த விஷயம் தெரியவே கூடாது.

பெட்டியைத் தூக்கியபோது கையில் ஏதோ நறநறத்தது. ஈரத்துணியின் மேல் சாம்பல் நிறத்தில் பாறைத்தூள், ஐந்து விரல் பதிந்த மாதிரி. விரல்கள் நீளமானவை. துணியை உதறினான்.

பலகையில் முட்டி வைத்தான். அப்போதுதான் தெரிந்தது.

காதில் கேட்கவில்லை, முட்டியில்தான் தெரிந்தது. மூன்று தட்டு. சற்று இடைவெளி. மறுபடி மூன்று தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் லாசருவின் முகத்தில் இதழ்கள் மயிரிழை உயரம் எழும்பி அமர்ந்தன.

இந்தத் தட்டை அவன் அறிவான்.

போன வருஷம் இதே ஞாயிறு, இதே பலகை, இதே முட்டி. ரொக்காஸ்பீனா வீடுகளுக்கு அடியில் பாறையைக் குடைந்த நிலவறைகள். அவன் வீட்டு நிலவறையின் பின்கட்டு சந்துக்கு அடியில் ஓடி, நடு வட்டத்துக்கு நேர் கீழே முடியும். அங்கே மேலே ஒரு சதுரக் கல். அந்தக் காலத்தில் ஒயின் பீப்பாய் இறக்கிய வாய். கடப்பாரை இருந்தால் இரண்டு ஆள் ஐந்து நிமிடத்தில் தூக்கிவிடலாம். தூலியோ கோபத்தோடுதான் கீழே போனான். படம் என்னோடது, பரிசு வந்தா என் பேரையும் சொல்லணும் என்று பந்தலுக்கடியில் ஒரு சண்டை. வாயை மூடிட்டு பின்கட்டுத் தொட்டியில தண்ணி எடுத்துட்டு வா என்றான் கொராதோ. போனான். பின்கட்டு வழியில் கூரை இடிந்து விழுந்தது. மேலே கேட்டது ஒரு பெருமூச்சு அளவுதான். மேளக்காரர்கள் அப்போது சதுக்கத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு முட்டியில் மூன்று தட்டு.

உயிரோடு இருக்கிறான். கல்லைத் தூக்க வேண்டும். கல்லின் மேல், அப்போதுதான் முடித்த கிறிஸ்துவின் முகம். நாற்பது வருஷமாய் ஒரு பரிசும் வாங்காத வளைவுச் சந்து. நடுவர்கள் மேல்தெருவரை வந்துவிட்டார்கள்.

உயிரோடதானே இருக்கான் என்று அன்று அவன் நினைத்தான். ஊர்வலம் முடியட்டும்.

முதல் பரிசு. ஆயர் கன்னத்தில் முத்தமிட்டார். ஜில்தோ தோளில் தூக்கிக்கொண்டு ஆடினான். சாயங்காலம் கொராதோ தனியாய்க் கீழே போய், இடிபாட்டின் இடுக்கில் வாய் வைத்துத் தூலியோ, தூலியோ என்று கூப்பிட்டான். பதில் இல்லை. அங்கே உட்கார்ந்து அழுதான், அது உண்மை. அடுத்த வாரம் செங்கல்லும் சாந்தும் இறக்கி, பின்கட்டு வாயை அடைத்துச் சுவர் எழுப்பினான், அதுவும் உண்மை.

இப்போது மறுபடி மூன்று தட்டு.

"தட்டுற சத்தம் ஏதாவது கேக்குதா?" என்று அஸ்ஸூந்தாவிடம் கேட்டுவிட்டான். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எங்க?"

"ஒண்ணுமில்ல. காதுல ஏதோ அடைப்பு."

"தூங்காம இருந்தா அப்படித்தான்" என்றவள் அவன் முகத்தை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாள். "காப்பி போடவா?"

"வேண்டாம்."

செத்தவன். அவன்தான். வேறு யாராகவும் இருக்க முடியாது. சுவர் அடைத்திருக்கிறது, பின்கட்டில் எலி நுழையவும் வழி இல்லை. கல்லைத் தூக்க வைக்கத்தான் தட்டுகிறான். ஊரே கூடி நிற்கும்போது, மிலேனா பார்க்கும்போது, கல் திறந்து உள்ளே இருக்கிறவன் வெளியே தெரிய வேண்டும். அதுதான் அவன் கணக்கு. கொராதோவுக்குப் பயத்தின் அடியிலிருந்து கோபம் வந்தது. ஒரு வருஷமாய்க் கனவில் வந்தது போதாதா உனக்கு?

சல்லடையை வாங்கிக் கல்லறை வாசலின் கறுப்பைச் சலித்தான். காப்பிச் சக்கை பொலபொலவென்று படிந்தது. படிந்த கையோடு அதில் ஒரு கோடு விழுந்தது. நேர்க்கோடு. பிறகு அதன் முனையிலிருந்து இன்னொரு கோடு. நான்கு கோடுகள். சதுரம். அடியில் இருக்கும் கல்லின் வடிவம் அப்படியே மேலே வந்துவிட்டது. மேலும் சலித்து மூடினான். மறுபடி விழுந்தது. மூடினான். விழுந்தது.

தட்டு இப்போது வேகமாக வந்தது. மூன்று, மூன்று, மூன்று. நடுவே சுரண்டுகிற மாதிரி ஒன்று. அது முட்டியிலிருந்து தொடை வழியே ஏறி அடிவயிற்றில் நின்றது.

"அந்த மேளக்காரனுங்களை இங்க வந்து வாசிக்கச் சொல்லு" என்று ஜில்தோவைப் பார்த்துக் கத்தினான்.

"இப்பவேவா? மணி எட்டுதானே ஆகுது?"

"போடான்னா போயேன்!"

வந்தார்கள். எக்காளமும் பெருமேளமும் சந்துச் சுவர்களில் முட்டி அதிர்ந்தன. குழந்தைகள் கை தட்டினார்கள். எல்லாருக்கும் உற்சாகம். கொராதோ ஒருவனுக்குத்தான் அந்த மேளத்துக்கு அடியில் இன்னொரு தாளம்.

அவன் பலகையில் குனிந்தான். லாசருவின் நெற்றியில் வாய் படும் அளவுக்கு. "போதும்டா தூலியோ" என்று கிசுகிசுத்தான். "செத்தவன் செத்தவனாவே கிட." மடக்கிய விரல் முட்டியால், ஆத்திரம் தாங்காமல், கல்லை ஓங்கி ஒரே ஒரு தட்டுத் தட்டினான்.

கீழே சட்டென்று அமைதி.

பிறகு வெறி பிடித்தாற்போல் தட்டல். எண்ணிக்கை இல்லை. இடைவெளி இல்லை. யாரோ மேலே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட கை. இரண்டு கையும். இதழ்கள் கொதித்தன. லாசருவின் வாய் திறந்து மூடித் திறந்தது.

கொராதோ பலகையை எடுத்துக்கொண்டு, பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து, கம்பளத்தைவிட்டு இறங்கினான். வட்டம் முடிந்தது என்று அறிவித்தான். இனி யார் காலும் படக்கூடாது. கைதட்டினார்கள். அவன் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றான். செருப்பின் அடிப்பாகம் வழியாக அது இன்னும் வந்துகொண்டிருந்தது.

ஒன்பது மணிக்குத் தட்டு மெலிந்தது.

ஒன்பதரைக்கு, மூன்று. நீண்ட இடைவெளி. இரண்டு.

பத்து மணிக்கு ஒன்று.

அப்புறம் இல்லை.

அடங்கிவிட்டான் என்று கொராதோ நினைத்தான். அவன் உடம்பே லேசாகிவிட்டது. ஜில்தோவின் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கி, ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சிரிக்கக்கூடச் செய்தான்.

பதினோரு மணிக்கு ஊர்வலம் வளைவைத் தாண்டி வந்தது. முன்னால் சிலுவை, பிறகு வெள்ளை உடுப்பில் மெழுகுவர்த்திப் பெண்கள். மிலேனாவைத் தேடினான். வெயிலும் சாம்பிராணிப் புகையும் கண்ணை மறைத்தன, பின்வரிசையில் இருப்பாள் என்று விட்டுவிட்டான். வெண்குடையின் கீழ் பங்குத்தந்தை சௌரோ நற்கருணை வைத்த கதிர்ப்பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்தபடி கம்பளத்தில் முதல் அடி வைத்தார். எல்லாரும் மண்டியிட்டார்கள். லாசருவின் முகத்தை மிதித்தபோது கிழவர் ஒரு கணம் தயங்கிக் கீழே பார்த்தார். பிறகு நடந்தார். அவர் பின்னால் ஊரே நடந்தது. கம்பளம் கலங்கிச் சேறானது.

பந்தலை அவிழ்த்து மேசை போட்டார்கள். வாட்டிய பன்றியின் கொழுப்பு வாசம் சந்து முழுக்க. கொராதோவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

"எங்க மகாராணி?" என்றாள் அஸ்ஸூந்தா. "ஊர்வலத்துலயும் காணோமே."

"பின்வரிசையில..."

"பின்வரிசையில நான்தான் வந்தேன். அவ இல்ல."

கொராதோ எழுந்தான். வீட்டுக்குள் போய் மாடி ஏறினான். கட்டில் நேற்று விரித்தபடி இருந்தது. வெள்ளை உடுப்பு இஸ்திரி மடிப்பு கலையாமல் கதவில் தொங்கியது. குளியலறைத் தரை காய்ந்திருந்தது. அவள் போன் தலையணை மேல் கிடந்தது.

"மிலேனா?"

படி இறங்கினான். மாடிப்படி. வீட்டுப்படி. நிலவறைப்படி. குளிர் காலைப் பிடித்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அவள் போட்ட விளக்கு. பூப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. சுவரை மறைக்க அவன் நிறுத்தியிருந்த பெரிய பீப்பாய் ஒரு பக்கமாய் நகர்ந்திருந்தது. நான்கு ஆள் தள்ளினாலும் அசையாத பீப்பாய்.

சுவர் அப்படியே இருந்தது. அவன் கட்டிய சுவர். ஒரு செங்கல் பெயரவில்லை. மேல் மூலையில் ஒரு வருஷத்து ஒட்டடை. சாந்தில் அவனுடைய கரண்டி இழுத்த தடம்.

இடுப்பு உயரத்தில், இரண்டு செங்கல்லுக்கு நடுவே, ஏதோ பச்சையாக.

கழுத்துத் துணி. விழாவுக்கு வளைவுச் சந்துக்காரர்கள் எல்லாரும் கட்டும் பச்சைத் துணி. சாந்துக்குள்ளிருந்து ஒரு சாண் நீளம் வெளியே தொங்கியது. முனையில் எம் என்ற எழுத்து. நேற்று இரவு சூப் குடித்த பிறகு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவள் தைத்த எழுத்து.

இழுத்தான். வரவில்லை. சாந்தைச் சுரண்டினான். கல்லாய் இறுகிய சாந்து. ஒரு வருஷத்துச் சாந்து. அதற்குள் நேற்றுத் தைத்த துணி.

காலை ஆறு மணி. மூன்று தட்டு. எட்டு மணி. மேளம். அவன் விரல் முட்டி. ஒரே ஒரு தட்டு.

அவன் எப்படி மேலே ஏறினான் என்பது அவனுக்கே தெரியவில்லை. மேசை கவிழ்ந்தது. தட்டுகள் உடைந்தன. சேறாய்க் கிடந்த பூவில் முட்டி போட்டு, இரண்டு கையாலும் வாரி வாரி எறிந்தான். "கல்லைத் தூக்குங்கடா! என் பொண்ணு! கடப்பாரை! கடப்பாரை கொண்டா ஜில்தோ!"

"எந்தக் கல்லு? என்னய்யா ஆச்சு உனக்கு?"

"கீழ இருக்கா! காலையில இருந்து தட்டினா! நான் கேட்டேன், கேட்டேன், நான்..."

ஜில்தோ கடப்பாரையோடு ஓடிவந்தான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று நிமிடம். கல் ஒரு பக்கமாய்ப் புரண்டது. பழைய காற்று மேலே வந்தது. சந்து முழுக்க நின்ற ஜனம் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கியது. அஸ்ஸூந்தா மட்டும் முன்னால் வந்தாள்.

இடிந்த பாறைக் குவியலின் மேல், கல்லின் வாய்க்கு மிக அருகில், மிலேனா உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. கல்லிடுக்கு வழியே ஊர்வலத்தின் கால்கள் உதிர்த்த இதழ்கள் அவள் முகத்திலும் திறந்த வாயிலும் கிடந்தன. நகங்கள் இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால் இன்னொருவன், அவளை மடியில் வைத்துக்கொண்டவன்போல். கன்னம் உலர்ந்து பல்லோடு ஒட்டியவன். அவன் கழுத்திலும் அதே பச்சைத் துணி. அவனுடைய நீள விரல்கள் அவள் மணிக்கட்டைச் சுற்றி இறுகியிருந்தன.

அஸ்ஸூந்தா அந்த விரல்களைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"தூலியோ" என்றாள். பிறகு கொராதோ பக்கம் திரும்பினாள். குரல் உயரவே இல்லை. "பழுப்புப் பெட்டின்னு சொன்னியே."

கொராதோ குழிக்குள் கை நீட்டி, மகளின் கன்னத்தைத் தொடப் போனான். தொடவில்லை.

உலர்ந்த விரல்கள் அசைந்தன. மிலேனாவின் கையை மணிக்கட்டோடு மெல்ல உயர்த்தின. செத்த விரல்களைப் பக்குவமாக முஷ்டியாய் மடித்தன. கல் இருந்த இடத்தில், வெறும் காற்றில், அந்த முஷ்டி தட்டியது.

மூன்று தட்டு. சற்று இடைவெளி.

மறுபடி மூன்று.